இருநூற்றுப் பன்னிரண்டு உருப்படி

அன்பு மகளுக்கு, சித்தப்பா எழுதுகிறேன். இங்கே உன் அம்மாவும் சித்தியும் சௌக்கியம், நான் அவர்கள் இருவரையும்விடச் சௌக்கியம், போன வாரம் என் ரத்தத்தைச் சோதித்த டாக்டர், இந்த வயதில் இப்படி ஒரு ரத்தமா என்று நர்சைக் கூப்பிட்டுக் காட்டினார். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், போனுக்குப் பக்கத்திலேயே உன் அம்மா உட்கார்ந்திருக்கிறார், மாடிக்குப் போய்ப் பேசினாலும் என் குரல் தெருமுனை வரை கேட்கும்.

உன் அப்பா வைத்திருந்த புத்தகம் படிக்கிற மெஷினில் எழுத்தைப் பெரிதாக்கினால் நாலு வரிதான் நிற்கிறது, அண்ணி கண்ணைச் சுருக்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் வேறு கம்பெனியின் பெரிய திரை மெஷினை வாங்கினேன், இந்த வட்டாரத்திலேயே இதை வாங்கும் முதல் ஆள் நான்தானாம். லாரி ஆபீசில் முப்பது வருடம் சரக்கு இறக்கியவனுக்கு யார் உதவி வேண்டும், நானே வயரைச் செருகிப் புத்தகங்களை மாற்றினேன். அங்கே ஏறியது இருநூற்றுப் பன்னிரண்டு, இங்கே இறங்கியதும் இருநூற்றுப் பன்னிரண்டு. எண்ணிக்கை சரியாக இருந்தால் மூட்டையைப் பிரிக்கக்கூடாது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம், ஆகவே ஒன்றையும் திறந்து பார்க்காமல், காலி வண்டியைப் பெருக்கிவிடுவதுபோல் பழைய மெஷினில் இருந்ததை முழுக்க அழித்துவிட்டேன். பிறகு பார்த்தால் புது மெஷினில் ஒரு புத்தகம்கூடத் திறக்கவில்லை.

புது மெஷினை வாங்கிய கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பெண், "அந்தக் கடையில வாங்கின புக் அந்தக் கடை மெஷின்லதான் சார் திறக்கும், ஃபைலே வேற, அதுலயும் பூட்டு போட்டிருக்காங்க" என்றாள். "காசு கொடுத்து வாங்கினதும்மா, எங்க அண்ணன் என்ன திருடிக்கிட்டா வந்தாரு" என்று நான் கேட்டதில் தெருவே திரும்பிப் பார்த்தது. "வாங்கினது புக் இல்ல சார், படிக்கிறதுக்கு அனுமதி" என்றாள். அரை மணி நேரம் வாதாடினேன், எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள்.

புத்தகம் போனால் வேறு வாங்கலாம். ஆனால் உன் அப்பா படிக்கும்போது ஓரத்தில் தட்டிவைத்த குறிப்புகளும் அதில்தான் இருந்தன. பத்து மாதமாக அண்ணி அவற்றைப் பார்த்துப் பார்த்துப் படிக்கிறார், தினம் பத்துப் பக்கம், தீர்ந்துவிடும் என்று அதற்குமேல் போவதில்லை. மெஷின் சர்வீசில் இருப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் "வந்துடுச்சா தம்பி" என்கிறார், நான் "ஒரு ஸ்பேர் வரணும் அண்ணி" என்கிறேன். எட்டு நாளாக இதே பதில்தான்.

வழி ஒன்று இருக்கிறது. குறிப்பெல்லாம் புத்தகத்தை விற்ற அந்தப் பழைய கடையிடமே இருக்குமாம், உன் அப்பா பெயரில் உள்ளே நுழைந்தால் பழைய மெஷினிலேயே திரும்ப இறங்கிவிடுமாம். நுழைவதற்கு ஆறு இலக்க எண் கேட்கிறது, அது உன் அப்பாவின் போன் நம்பருக்கு வரும். அந்த சிம் உன்னிடம் இருக்கிறது, மாதக் கடைசியில் நம்பரை விட்டுவிடப்போவதாகச் சொன்னாய். விடாதே. கடிதம் கிடைத்ததும் எனக்கு வெறும் ஒரு ரிங் கொடு, நான் மாடிக்குப் போய் மெஷினைத் தட்டுகிறேன், எண் வந்தவுடன் அனுப்பு.

அண்ணி கடைசியாகப் படித்தது ஒரு நாவல். அதில் பீற்றிக்கொண்டே திரியும் ஒருவன் வருகிற இடத்தில் உன் அப்பா "நம்ம தம்பி" என்று எழுதியிருக்கிறார். அண்ணி அதைச் சத்தமாகப் படித்துக்காட்டிச் சிரித்தார், அண்ணன் போன பிறகு இந்த வீட்டில் அண்ணி சிரித்தது அன்றுதான். புத்தகம் பாதியில் நிற்கிறது. மீதியில் என்னை எவ்வளவு மோசமாகச் சொல்லியிருந்தாலும் சரி, அது வேண்டும் மகளே.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக இரு. சிம் பத்திரம்.

ஆசிகளுடன்,
உன் சித்தப்பா