துருவ ஒளிக்குக் கீழே பாடிய பாட்டு

கௌத்தோகெய்னோ,
பிப்ரவரி 9

ஸுன்னாவுக்கு,

அண்ணன் மிக்கல் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், கலைமான்களும் நலம். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நீ பஸ்ஸில் அழைத்துப்போகிற சுற்றுலாக்காரர்களில் யாரோ எடுத்த வீடியோ இந்த ஊர்வரை வந்துவிட்டது. மேலே வானத்தில் துருவ ஒளி ஆடுகிறது. கீழே நின்று அம்மாவின் யோய்க்கை, அவளுக்கென்றே கட்டிய பாட்டை, பாடுகிறாய். ஒளிக்குக் கீழே வாயை மூடிக்கொண்டு நிற்கத்தானே நம்மை வளர்த்தார்கள்? அதையாவது விடு. ஒருவருடைய யோய்க்கைப் பாடினால் அவரே வந்து நிற்கிறார் என்பது உனக்குத் தெரியாதா? பெற்றவளைக் கூட்டிப்போய் பஸ்ஸுக்கு முன்னால் நிறுத்திவிட்டாயே! அவர்கள் கைதட்டுகிறார்கள், ஒருவன் விசிலடிக்கிறான்.

"என்ன மிக்கல், உங்கம்மா இப்ப பஸ்ஸுல வேலை பாக்குறாங்களாமே?" என்று கடைக்காரி பெய்வி கேட்கிறாள். மானமே போயிற்று. அம்மாவும் வீடியோவைப் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

மிக்கல்

திரம்சோ,
பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணா,

வெட்கமாக இருக்கிறது. வேறென்ன எழுத?

அன்றைக்கு வெகுநேரம் ஒளி வரவே இல்லை. வெள்ளிக் கிரகத்தைக் காட்டினேன், வியாழனைக் காட்டினேன். "இதை எங்க ஊர்லயே பாத்துக்குவோமே" என்று ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திடீரென்று வானம் முழுக்கப் பச்சை. நானே வரவழைத்ததுபோல் என்னைக் கட்டிக்கொண்டார்கள். "ஏதாச்சும் பாடுங்க, பாடுங்க" என்றார்கள். வாயைத் திறந்தேன், அம்மா வந்துவிட்டாள்.

கைதட்டியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது அண்ணா. அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

ஈஸ்டருக்கு வரலாமா? அம்மாவிடம் கேட்டு எழுது. எனக்கென்று ஒரு யோய்க் கட்டினாளே, அதை இப்போதும் பாடுகிறாளா?

உன் தங்கை,
ஸுன்னா

கௌத்தோகெய்னோ,
மார்ச் 3

ஸுன்னா,

உன் கட்டிலில் கிடந்த சாமான்களையெல்லாம் எடுத்துவிட்டேன். அதற்குள் சந்தோஷப்படாதே, மிச்சத்தையும் படி.

நேற்று ஒளி நம் கூரைக்கு மேலேயே இறங்கி வந்தது. அம்மா வெளியே போய் மௌனமாக நின்றாள். உள்ளே வந்ததும் கேட்டேன்.

"ஏம்மா, ஸுன்னாவப் பாடி எவ்வளவு நாளாச்சு? ஒரு தடவை பாடேன்."

அம்மா கையுறையைக் கழற்றி அடுப்போரம் காயப்போட்டாள்.

"பாடினா அவ வந்துட்டதா ஆயிடும்டா. பாட்டா வர வேணாம். கால்ல நடந்து வரச்சொல்லு."

மிக்கல்