அக்கா வீட்டடி வளைவு

ஒக்ரோபர் 14, செவ்வாய்

வெய்யில். மழைக்கு ஒரு அசுமாத்தமும் இல்லை.

வழுக்கையாற்று மொடல் ஒருமாதிரி ஓடி முடிஞ்சுது. பெருமழை வந்தால் வெள்ளம் எங்காலை போகும், எந்தக் கரையை அரிக்கும் எண்டு கணினி சொல்லும். சொல்லிச்சுது. வளைவிலை கரை முழுக்கச் சிவப்பு. சிவப்பெண்டால் இடியும். அந்தச் சிவப்புக்குள்ளை அக்கா சமைக்கிற குசினி.

மேலதிகாரி சேர்: "சிவப்பிலை இருக்கிற வீடுகளை விட்டு எழும்பச் சொல்லி எழுதும். வெள்ளி அறிக்கை போகோணும்."

ஓமெண்டன். ஆரின்ரை வீடெண்டு சொல்லேல்லை.

வாங்க: தேங்காய், நுளம்புத்திரி.

15, புதன்

அக்கா போன். "கிணத்தடிக்குச் சீமெந்து போட்டாச்சு. வந்து பாரன்டி." சித்திரையிலைதான் குடிபூந்தவை. அதைக் கட்டி முடிக்க அத்தான் பட்ட பாடு! எப்பிடிச் சொல்ல? சோறு இறங்கேல்லை.

மொடலிலை மண் மணியின்ரை பருமனை மாத்தி ஓடவிட்டன். அதே சிவப்பு. சனியன்.

ஒண்டு மட்டும் இடிக்குது. வளைவுக்கு மேலை ஆத்துக்குள்ளை ஒரு மேடு. அதிலை வண்டல் குவிஞ்சு, தண்ணி அக்கா பக்கம் திரும்புது. ஓகஸ்டிலை அளந்த அளவிலை கிடக்கு. கல்லாக்கும்.

16, வியாழன்

தூறல். லீவு சொல்லிப்போட்டு நேரை அக்கா வீட்டை போனன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அக்காவின்ரை முகத்தைப் பாக்கேலாமல் ஆத்துக்குள்ளை இறங்கினன்.

மேட்டைக் காணேல்லை!

"என்ன பிள்ளை தேடுறாய்?" அத்தான்.

"இதிலை ஒரு மேடு..."

"அணையோ? கோடையிலை ஆறு காய, உள்ளுக்கை கீரை போடக் கட்டுறது. மாரிக்கு முதல் ஊராச் சேர்ந்து வெட்டிவிடுவம். போன கிழமை வெட்டியாச்சு."

அட கடவுளே. காஞ்ச ஆத்தை அளந்துபோட்டு, அந்த அணையை மொடலிலை வெள்ளத்துக்குள்ளையும் நிப்பாட்டி வைச்சிருக்கிறம்! நான் கடற்கரைப் பருத்தித்துறைக்காரி. கடலுக்குள்ளை ஆர் தோட்டம் செய்யினம்? விழுந்து விழுந்து சிரிச்சன். "உவளுக்கு விசர்" எண்டா அக்கா.

17, வெள்ளி

மேட்டை எடுத்துப்போட்டு ஓடவிட்டன். குசினி பச்சை. கிணத்தடி பச்சை. கீழை மதகடியிலை, வெறுங்காணிப் பக்கம் மட்டும் கொஞ்சம் சிவப்பு. நம்பேலாமல் திருப்பித் திருப்பி ஓட்டினன். அப்பாடா.

சேர் முகத்தைச் சுழிச்சார். "அணை வெட்டினதுக்குப் படம் எடுத்தனீரோ?" எடுத்தனான். கையெழுத்து வைச்சார்.

வயிறு முட்டச் சாப்பாடு. தேங்காய் இன்னும் வாங்கேல்லை.

26, ஞாயிறு

முந்தநாள் தொடக்கம் அடைமழை. போனைப் பாத்தபடி இருக்கிறன். மொடல் பிழையாப் போனால்?

பின்னேரம் அக்கா: "ஆறு வந்திட்டுதடி! முட்டி ஓடுது. அத்தான் கரையைப் போய்ப் பாத்தவர், ஒரு பிடி மண் விழேல்லையாம். நான் குசினியிலை நிண்டு தேத்தண்ணி போடுறன்."

சத்தம் வராமல் அழுதன்.

"என்னடி, மூக்கை உறிஞ்சிறாய்?"

"தடிமன்."

"கொத்தமல்லி அவிச்சுக் குடி."

ஓமெண்டன்.