நீ மாற்றாத நாலு கம்பிகள்

மச்சி,

உன் மகள் நேற்று உன் பேஸ் கிட்டாரை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். "கம்பியெல்லாம் ரொம்பப் பழசு அங்கிள். புதுசு போட்டு வித்துடலாமான்னு அம்மா கேக்கறாங்க" என்றாள். உறையைத் திறந்ததும், கட்டைவிரல் வலிக்கு நீ தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை. நீ போய்விட்டாய், வாசனை மட்டும் போகவில்லை.

தொண்ணூறுகளில் மேற்கு மாம்பலத்திலிருந்து நாம் இருவரும் ஒன்றாகத்தான் கச்சேரிக்குக் கிளம்புவோம். நான் டிரம்ஸ், நீ பேஸ்; பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த சத்தம் உன்னுடையது. கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கும் மெல்லிசைக் குழு. அப்போதுதான் புதுப் பாட்டுகளில், கம்பியைக் கட்டைவிரலால் அறைந்து வாசிக்கும் 'ஸ்லாப்' வர ஆரம்பித்திருந்தது. குழுவை நடத்திய அண்ணன் உன்னைக் கூப்பிட்டுக் கறாராகச் சொன்னார்: "இன்னா நைனா, கேசட்டுல பளிச்சுனு கேக்குது, நீ வாசிச்சா டொம்முனு கீது. கம்பிய மாத்து. டி.நகர் ரிசப்ஷன்லயும் இப்படியே இருந்தா, பேஸையும் கீபோர்டுலயே வாசிச்சுக்குவோம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. உன்னுடையவை 'ஃப்ளாட்' கம்பிகள். மேலே சுற்றிய உலோகம் தட்டையாக, வழுவழுவென்று இருக்கும். பழைய பாட்டுக்குச் சுகம், ஸ்லாப்புக்கு ஆகாது. ஸ்லாப் என்றால் சொரசொரப்பான 'ரவுண்ட்' கம்பிதான் என்று ஊரே சொல்லிற்று. இசைக் கருவிக் கடையில் இரண்டு வகைக் கம்பிப் பொட்டலங்களையும் வைத்துக்கொண்டு நீ நின்றபோது நானும் அதைத்தான் சொன்னேன்.

"ரவுண்டையே வாங்கித் தொலைடா. பொழப்ப கெடுத்துக்காதே."

"ரவுண்ட் போட்டா என் சத்தம் தனியா கேக்கும்டா. ஃப்ளாட் போட்டா, டிரம்ம மிதிக்கிற உன் காலும் என் விரலும் ஒண்ணா கேக்கும்" என்றாய். பிறகு கடைக்காரரிடம், "அண்ணே, ஃப்ளாட்லயே மெல்லிசா இருக்கறது குடுங்க. அறைஞ்சா கொஞ்சமாவது துள்ளணும்" என்றாய். பிடிவாதக்காரா!

அடையாறில் நாம் ஒத்திகை பார்க்கும் சின்ன அறையில் அந்தக் கம்பிகள் உன்னைக் கைவிடவில்லை. நான் வலது காலால் பெரிய டிரம்மை மிதிக்க, நீ கட்டைவிரலால் அறைய, எது நான் எது நீ என்று தெரியாத ஒரே சத்தம் நெஞ்சில் வந்து மோதியது. "எப்டி?" என்று கண்ணடித்தாய். நான் மறுபடி மிதித்தேன்.

டி.நகர் மண்டபம் அதை விழுங்கிவிட்டது. உயரமான கூரை, ஜனக் கூச்சல், ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகள். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது. மூன்றாவது பாட்டில் அண்ணன் ஜாடை காட்ட, கீபோர்டுக்காரரின் இடது கை பேஸை எடுத்துக்கொண்டது. கிட்டாரைத் தோளில் மாட்டியபடி, கம்பியைத் தொடாமல், கடைசிப் பாட்டு வரை சிரித்துக்கொண்டே நின்றாய். பாவி, அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசிப் பந்தியில் அண்ணன் உன் தோளைத் தட்டி, "மனசுல வச்சுக்காத நைனா. தேவைப்பட்டா சொல்லி அனுப்பறேன்" என்றார். அவர் நகர்ந்ததும் நீ அப்பளத்தை உடைத்தபடி கேட்டாய்: "உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுடா."

"அப்ப சரி" என்று இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டாய். என்ன சரி? இன்றைக்கும் உன்னை அதைத்தான் கேட்கிறேன்.

யாரும் சொல்லி அனுப்பவில்லை. நீ வடபழனியில் எலெக்ட்ரிகல் கடை வேலைக்குப் போனாய். வீட்டில் மட்டும் வாசிப்பதாக உன் மனைவி சொல்வார். நான் கீபோர்டுக்காரரின் அந்த இடது கையோடு வருஷக்கணக்கில் வாசித்தேன். ஒருநாள்கூட அது பிசகியதில்லை. ஆனாலும் என் கால் அதனோடு ஒட்டவே இல்லை.

"கம்பிய மாத்தாதேம்மா. விக்கவும் வேணாம். என்கிட்டயே இருக்கட்டும்னு அம்மாகிட்ட சொல்லு" என்று உன் மகளை அனுப்பினேன். பிறகு கிட்டாரை மடியில் வைத்து, அதே வழுவழுப்பான கம்பிகளில் தடித்ததைக் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினேன். தொம். என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது.

எனக்குப் பேஸ் வாசிக்கத் தெரியாது மச்சி. உன் அடுத்த தட்டுக்காகத் தூக்கிய கால் அப்படியே நின்றது.