குப்பை போடாத ஆறு பேர்

என் பிரியமானவளுக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முதுகுவலி தேவலையா?

இங்கே நடந்த கூத்தைக் கேள்! என் யோசனைப்படி அறையில் ஆறு பேரும் இப்போது கடைக்குத் தூக்குவாளி கொண்டுபோய்த்தான் சாப்பாடு வாங்குகிறோம். டிஷ்யூவுக்குப் பதில் பழைய சட்டைகளைக் கிழித்துத் துடைக்கிறோம். தினமும் ஒரு பை நிறைந்த குப்பை, வாரத்துக்கு ஒன்றாகிவிட்டது! நேற்று காவலாளி மாற்றுச் சாவியோடு பதறி ஓடிவந்தார்.

“நாலு நாளா குப்பையே வெளிய வரல. உசுரோடதான் இருக்கீங்களா?”

சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது!

கிழிக்க இனிச் சட்டை இல்லை. உன் பழைய நீலப் புடவையை அனுப்பு. துவைக்க வேண்டாம், உடுத்திக் களைந்தபடியே மடித்து அனுப்பு. மேஸ்திரி வண்டியில் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

புடவை துடைக்கத்தான் என்று இவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் அதில் ஒருவனையும் கைவைக்க விடமாட்டேன்.

உன்னவன்