சாரல் படாத சட்டை

என்னங்க,

போன மாதம் ஆபீஸ் நண்பர்களோடு போய் வந்தேன் என்றீர்களே, அந்தத் தேசியப் பூங்கா அருவிக்கு நேற்று நானும் உங்கள் தங்கையும் போயிருந்தோம். நீங்கள் சொன்னது போலத்தான் இருக்கிறது. வானமே பொத்துக்கொண்டு கொட்டுகிறது.

ஆனால் அருவி கண்ணில் படுவதற்கு முன்பே தொப்பலாக நனைந்துவிட்டோம். காட்டுக்குள் இரைச்சல் மட்டும் கேட்கிற தூரத்திலேயே சாரல் வந்து அடிக்கிறது. பூங்காக் காவலர் சிரித்தார்.

"நனையாம பாக்கணும்னா காலண்டர்லதாம்மா பாக்கணும்."

உங்கள் தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணி, அண்ணன் இங்கேருந்து வந்தப்ப நானும் உங்க வீட்லதானே இருந்தேன்? மாப்பிள்ளை மாதிரில்ல வந்து இறங்கினாரு!"

சட்டை நனையவே இல்லையே என்று அன்று நான் கேட்டதற்கு, "காத்துலயே காஞ்சிடுச்சு" என்றீர்கள். காற்று காயவைக்கும், சரி. இஸ்திரியும் போடுமா? சட்டைக் கையில் கத்தி மாதிரி மடிப்பு. கல்யாணமானதிலிருந்து உங்கள் சட்டைக்கு நான்தான் இஸ்திரி போடுகிறேன். கையில் மடிப்பு வைத்ததே இல்லை.

சண்டை போடுவதற்காக எழுதவில்லை. நாளைக்கு காஸ் சிலிண்டர் வரும், வாங்கி வையுங்கள். நான் உங்கள் தங்கை வீட்டில் இருக்கிறேன்.

நாற்காலியில் ஒரு பை இருக்கிறது. நேற்று நான் உடுத்திய துணியைத் துவைக்காமல் அதில் வைத்திருக்கிறேன். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். அருவிக்குப் போனவர்களின் துணி இப்படித்தான் நாறும்.

இப்படிக்கு,
கையில் மடிப்பு வைக்கத் தெரியாதவள்