லீவு நாள் வயிற்றுவலி

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

டப்பாவில் சாப்பாட்டைத் தேடாதீர்கள். இன்றைக்கு இந்தக் கடிதம்தான்.

பத்து நாளுக்கு முந்தைய ஞாயிறு. உங்கள் அக்கா வந்திருந்தார். நான் உள்ளறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தேன். நீங்கள் கூடத்தில் சொன்னது கேட்டது: "லீவு நாள்னா அவளுக்கு கரெக்டா வயித்துவலி வந்துடும்க்கா." இரண்டு பேரும் சிரித்தீர்கள்.

கரெக்டாகத்தான் வரும். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருநாள் நான் போடும் மாத்திரை, மறுநாள் குடலைப் பிழிந்து எடுக்கும். "எந்தக் கிழமை போட்டுக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டபோது சனிக்கிழமை என்றேன். பக்கத்து நாற்காலியில் நீங்கள் போனைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். தபால் ஆபீஸில் என் கவுண்டர் மூடிக் கிடக்கக் கூடாது, பிள்ளைகள் பட்டினியாகப் பள்ளிக்குப் போகக் கூடாது, நீங்கள் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போகக் கூடாது. மிச்சம் இருந்தது என்னுடைய ஒரே லீவு நாள். மூன்று வருஷமாக அதைத்தான் வலிக்குக் கொடுத்தேன்.

டாக்டரிடம் கேட்டுக் கிழமையை மாற்றிவிட்டேன். போன ஞாயிறு எனக்கு வலியே இல்லை. நீங்கள் கவனிக்கவில்லை.

நேற்று, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மாத்திரை போட்டாயிற்று. இன்றைக்கு ஆபீஸுக்கும் லீவு சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்கு மூன்றரைக்குப் பள்ளி முடியும், போய்க் கூட்டிவாருங்கள். உங்கள் மேனேஜர் காரணம் கேட்டால், அக்காவிடம் சிரித்த அதே சிரிப்போடு சொல்லுங்கள்: "புதன்கிழமைன்னா அவளுக்கு கரெக்டா வந்துடும் சார்."

இப்படிக்கு,
உள்ளறையில் படுத்திருப்பவள்