இவர் போன பிறகு ஓடிய சைக்கிள்

ஆகஸ்ட் 3
வரி ஆபீஸிலிருந்து இவர் பெயருக்கு மறுபடியும் கடிதம். என் வீட்டுக்காரர் லோகேந்திரா போய்ச் சேர்ந்து ஐம்பத்தைந்து நாள் ஆச்சு என்று அவர்களுக்கு யார் சொல்வது? இங்கிலீஷில் எனக்கு இவர் பெயர் வரைக்கும்தான் படிக்க வரும். மீதியை, பின்பக்க அறையில் தங்கிப் படிக்கும் நிர்மல் படித்தான். அக்டோபர் கடைசிக்குள் கணக்குக் கொடுக்கணுமாம். கொடுக்காமல் இவர் பணம் கைக்கு வராது. பணம் வராமல் நான் நேபாளம் திரும்ப முடியாது.

ஆகஸ்ட் 4
வெள்ளைப் புடவை காயவே இல்லை. சிட்னி மழை.

ஆகஸ்ட் 19
வரிக்கணக்கு எழுதும் கேதார் அண்ணன் சிரித்தார். "படிக்க வந்தவன்னா வரி கிடையாதுன்னு நெனச்சிட்டாரா உங்க வீட்டுக்காரர்? சைக்கிள்ல வீடு வீடா சாப்பாடு கொண்டு போறவன் அந்தக் கம்பெனிக்கு வேலைக்காரன் இல்லம்மா, தனி முதலாளி. வரியை நாமதான் கட்டணும்."
அப்புறம் சிரிப்பு நின்றது. "ஜூன் ஒம்பதுல தவறினார்னீங்க. கம்பெனி கணக்குல பத்தாந்தேதி பதினேழு வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்திருக்காரே?"
இருபத்திரண்டு வரைக்கும் கொடுத்திருக்கிறார். யார் ஓட்டியது என்று சொன்னால்தான் எழுதுவாராம்.

ஆகஸ்ட் 20
யார் ஓட்டியது என்று கேட்டேன். நிர்மல் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.
"நான்தான் அண்ணி. மாணவனுக்கு இத்தனை மணிதான் வேலைன்னு சட்டம். ஹோட்டல்லயே என் மணி தீந்துடும். என் பேர்ல ஓட்டிக்கடான்னு அண்ணன்தான் சொன்னார்."
"செத்த பிறகுமாடா?"
"வீட்டுக்கு அரிசி எங்கேர்ந்து வந்துச்சு அண்ணி?"
நண்பர்கள் போட்ட பணம் என்றுதானே உறையைக் கொடுத்தான்! இங்கே இவருக்குக் கொள்ளி வைக்க ஆள் இல்லாமல் இவன்தான் வைத்தான். கொள்ளி வைத்தவன் பதின்மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. பின்பக்க அறையில் துக்கம் காக்கிறான் என்று நினைத்தேன். மொட்டைத்தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

செப்டம்பர் 2
சொன்னால் இவன் விசா போய்விடும். படிப்பு முடிய நாலு மாதம்தான். சொல்லாவிட்டால் நான் இங்கேயே கிடக்கணும். ஏன்யா, உன் பேரை எதுக்குய்யா இரவல் குடுத்த? குடுத்துட்டு நீ பாட்டுக்குப் போயிட்ட — நான் யார்கிட்ட போய்ச் சண்டை போட?

அக்டோபர் 30
"யாரு ஓட்டினது?"
"நான்."
கேதார் அண்ணன் என் புடவையைப் பார்த்தார். "சைக்கிள் விடத் தெரியுமா தங்கச்சி?"
"தெரியும்."
"அந்தப் பதிமூணு நாள் வரி உங்க தலையில விழும். விசாவுக்கும் கேள்வி வரும்."
"என் விசா இவரோட விசாவை ஒட்டினதுதான். அதுவும் போயாச்சு."
பேனாவைத் திறந்தார். என் பெயரை எழுதினார்.

நவம்பர் 27
இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷத்தில் என் பெயருக்கு வந்த முதல் கடிதம். அதே வரி ஆபீஸ் உறை. நிர்மல் கையை நீட்டினான். கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். பெலிமாயா. அது வரைக்கும் படித்தேன்.